கணித மென்பொருள் பயனாளிகள் குழு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குத் தினமும் ரயிலில் போய் வருகிறவள் நான். திண்டிவனத்தில் ஒரு கலைக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். காலை பாசஞ்சரில் ஜன்னலோர இடம் கிடைத்துவிட்டால் அன்றைக்கு வகுப்பு நன்றாக நடக்கும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. கணிதம் படித்தவள் வெளியே சொல்லக்கூடாத நம்பிக்கைதான். இடம் கிடைத்த நாட்களில் மடிக்கணினியைத் திறந்து, வகுப்புக்கு வேண்டிய கணினி நிரலை எழுதுவேன். முண்டியம்பாக்கத்தில் சர்க்கரைப் பாகு வாசனை வரும்போது ஆரம்பித்தால், மயிலம் வருவதற்குள் திரையில் ஏதாவது ஒரு படம் வந்துவிடும்.

அன்றைக்கு வந்தது தப்பான படம். எனக்கு வேண்டியது சதுர அலை. கோட்டைச் சுவரின் மேல்விளிம்பு மாதிரி நேராக ஏறி, சமமாகப் போய், நேராக இறங்குகிற கோடு. வளைந்து வளைந்து போகும் சைன் அலைகளைக் கூட்டிக்கொண்டே போனால் இப்படி ஒரு மூலை மூலையான கோடு வந்துவிடும் என்பதை மாணவிகளுக்குக் கண்முன்னால் காட்டிவிட வேண்டும் என்று ஆசை. ஆனால் என் திரையில் வந்ததோ ரம்பப் பல். எத்தனை முறை ஓட்டினாலும் ரம்பம்தான்.

பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா திரையை எட்டிப் பார்த்தார். "டாக்டராம்மா நீ? யாருதோ ஈசிஜி பாத்துக்கினு வர்ற?"

"இல்லீங்க, கணக்கு."

"கணக்குக்கா இப்படி நெஞ்சு அடிச்சுக்குது?" என்று சொல்லிவிட்டு அவர் பூவைக் கட்ட ஆரம்பித்தார்.

எதிர் இருக்கையில் ஒரு கன்னியாஸ்திரீ உட்கார்ந்திருந்தார். என் மூக்குக்கண்ணாடியில் திரையின் பிம்பம் தெரிந்திருக்க வேண்டும், அல்லது என் முகத்திலேயே ரம்பம் தெரிந்ததோ என்னவோ. எழுந்து வந்து குனிந்து திரையைப் பார்த்தார்.

"சதுரம் வரணுமா?" என்றார்.

"ஆமாம் சிஸ்டர்."

"ஒற்றைப்படை எண்ணை மட்டும் எடுங்க. ஒண்ணு, மூணு, அஞ்சுன்னு போகணும். நீங்க எல்லாத்தையும் கூட்டிட்டீங்க."

மாற்றினேன். கோட்டைச் சுவர் வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷத்தைவிட ஆச்சரியம். "எப்படி சிஸ்டர், பாத்த உடனே?"

"எனக்கும் இதே ரம்பம்தான் வந்துச்சு. ஒரு வாரம் பூரா மண்டையை ஒடச்சிக்கிட்டேன். ஜெபம் பண்ணும்போதுகூட ரம்பம்தான் கண்ணு முன்னாடி."

சிஸ்டர் முண்டியம்பாக்கத்தில் மடத்தில் தங்கி, திண்டிவனத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு ரயிலில் போய் வரும் கணித ஆசிரியை. பகுதிநேரமாக ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தார். அவருடைய பள்ளியும் என் கல்லூரியும் ஒரே சாலையில்தான் இருந்தன. ஆக, ஒரே ஊரில், ஒரே சாலையில், இரண்டு பேர் தனித்தனியாக ஒரே நிரலை எழுதி, ஒரே இடத்தில் இடறி விழுந்திருக்கிறோம். அவர் எழுதியது எனக்குக் கிடைத்திருந்தால் நான் அந்த நேரத்தில் வேறு ஏதாவது உருப்படியாகச் செய்திருப்பேன், தூங்கியாவது இருப்பேன்.

இதை அவரிடம் சொன்னேன். "எங்க டிபார்ட்மென்ட்ல ஒருத்தர் புரோகிராம் கேட்டா பிரின்ட் எடுத்துத்தான் தருவார் சிஸ்டர். ஃபைலாத் தர மாட்டார். கேட்டா, டைப் அடிச்சாத்தான் மனசுல நிக்கும்பார்."

சிஸ்டர் சிரித்தார். "எங்க ஸ்கூல்ல பென் டிரைவ்ல தருவாங்க. கூடவே வைரஸும் வரும்."

ரயில் திண்டிவனத்தில் நின்றபோது நாங்கள் இருவரும் ஒரு குழுவுக்கு அடி போட்டுவிட்டோம். யார் கணிதத்துக்கு என்ன நிரல் எழுதினாலும் இணையத்தில் ஒரு பொது இடத்தில் போட வேண்டும், எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம், தப்பு இருந்தால் திருத்தித் திரும்பப் போட வேண்டும். அவ்வளவுதான் யோசனை. காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் வேண்டாம், எவரும் இறக்கிக்கொள்ளக்கூடிய இலவச மென்பொருளிலேயே எழுதுவோம் என்றும் முடிவாயிற்று. முதல் கூட்டம் விழுப்புரத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சிஸ்டருக்கு அன்றைக்குக் காலையில் பூசை உண்டு, அது முடிந்ததும் பேருந்து பிடித்து வந்துவிடலாம்.

வீட்டில் சொன்னபோது கணவர் கேட்ட கேள்வி நியாயமானதுதான். "ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தருக்குக் குடுக்கறதுக்கு எதுக்கு ஒரு குழு? வாட்ஸப்ல அனுப்பினா போச்சு." வாட்ஸப்பில் அனுப்பினால் அடுத்த காலை வணக்கப் படங்களுக்கு அடியில் அது புதைந்துபோகும் என்று விளக்கினேன். தானும் அப்படித் தொலைத்திருப்பதாக ஒத்துக்கொண்டார்.

பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கணினிப் பயிற்சி நிலையம். கீழே ஜெராக்ஸ் கடை, மாடியில் வகுப்பு. அதை நடத்துகிறவர் எனக்குத் தெரிந்தவர், நல்ல மனசுக்காரர். ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வாசலில் ஒட்ட ஒரு அறிவிப்பும் தானே அடித்துத் தருவதாகச் சொன்னார். 'கணித மென்பொருள் பயனர் குழு, இலவச மென்பொருள் நிரல் பகிர்வு, அனைவரும் வருக' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் சிஸ்டரும் போய்ச் சேர்ந்தபோது மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை. எல்லாம் பெண்கள். சிலர் இடுப்பில் குழந்தை, பலர் கையில் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் ஆதார் நகல். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. விழுப்புரத்தில் கணிதத்துக்கு இத்தனை ஆதரவா என்று சிஸ்டரைப் பார்த்தேன். சிஸ்டர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

'பயனாளிகள் குழு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதைவிடப் பெரிய எழுத்தில் 'இலவசம்'. 'கணித மென்பொருள்' என்பது ஓரத்தில் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது.

நிலையத்துக்காரர் பெருமையோடு கீழிருந்து வந்தார். "பயனர்னு ஒரு வார்த்தையே கெடையாதுங்க மேடம். கவர்மென்ட்ல பயனாளின்னுதான் போடுவாங்க. நானே கரெக்ட் பண்ணிட்டேன். பாத்தீங்களா கூட்டத்த?"

வந்தவர்களிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. நான் கூட்டத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமினேன்.

"இன்னாம்மா குடுக்கறீங்க? தையல் மிஷினா?" என்றார் முன்னால் நின்ற ஒருவர்.

"இல்லீங்க. இது வந்து... கணக்கு. கணக்குப் போடற புரோகிராம்."

"கணக்குக் குடுக்கறாங்களாம்டி," என்று அவர் பின்னால் திரும்பி அறிவித்தார். "வாங்க போவலாம். பேஜாரு, ஜெராக்ஸ் வேற எடுத்துட்டேன்."

சில நிமிஷத்தில் படி காலியானது. திட்டினார்கள்தான், ஆனால் அதிகம் இல்லை. மாடியில் மிஞ்சியது நான், சிஸ்டர், என் கல்லூரியிலிருந்து வந்த இரண்டு மாணவிகள், செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு கல்லூரி விரிவுரையாளர். அப்புறம் இரண்டு பயனாளிகள்.

ஒருவர் நடுத்தர வயது அம்மா. மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இன்னொருத்தி அவருடைய மருமகள், கோலியனூர்க்காரி. மாமியாருக்குத் துணையாக வந்தவள். கதவருகிலேயே நின்றுகொண்டு பலகையில் சிஸ்டர் எழுதியிருந்த தொடரைப் பார்த்தாள்.

"இது இன்ஃபினிட்டி வரிக்கும் போவுங்களா?" என்றாள்.

நாங்கள் எல்லோரும் திரும்பினோம்.

"நான் பி.எஸ்சி. மேத்ஸ்தான்க்கா," என்றாள், ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவள் மாதிரி. "கல்யாணம் ஆனதுக்கப்புறம் எல்லாம் மறந்துட்டேன்."

"மறந்தவங்க இன்ஃபினிட்டி கேக்க மாட்டாங்க," என்றார் சிஸ்டர். "வந்து உக்காருங்க."

அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் கண்ணை மூடியபடியே, "நீ படிச்சிக்கினு இரு. இங்க காத்து நல்லா வருது, நான் செத்த கண்ணசர்றேன்," என்றார். இப்படித்தான் எங்கள் குழுவுக்கு முதல் பயனாளி கிடைத்தாள்.

கோலியனூர்க்காரியிடம் கணினி இல்லை. கைபேசியிலேயே நிரல் எழுதுவதற்கு ஒரு செயலி உண்டு என்று என் மாணவி காட்டிக்கொடுத்தாள். அந்தச் சின்னத் திரையில், அடைப்புக்குறி போடுவதற்கே மூன்று இடம் தட்ட வேண்டிய விசைப்பலகையில், அவள் எழுத ஆரம்பித்தாள். சோறு வடிக்கிற நேரம், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய நேரம், எப்போது வேண்டுமானாலும் கேள்வி வரும். "அக்கா, ஃபார் லூப்புக்குள்ள இன்னொரு லூப் போடலாமா?" "அக்கா, குக்கர் விசில் வருது, எர்ரரும் வருது."

அவள் எழுதிய முதல் முழு நிரல் வயல் சம்பந்தப்பட்டது. அவர்கள் வீட்டுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் கொல்லை நிலம் ஒன்று உண்டு. கோணல்மாணலான வடிவம், ஒரு பக்கம் ஓடை கடித்துக்கொண்டு போயிருக்கும். அதன் பரப்பு எவ்வளவு என்று மாமனார் ஒன்று சொல்வார், அவருடைய தம்பி ஒன்று சொல்வார், விதை வாங்கும்போதெல்லாம் அது ஒரு பேச்சாகும். ஒவ்வொரு மூலையிலும் போய் நின்று, கைபேசி காட்டும் இடக்குறிப்பைக் குறித்துக்கொண்டு வந்தால், எத்தனை கோணலான நிலத்துக்கும் பரப்பு கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொரு மூலையையும் அடுத்த மூலையோடு குறுக்கே பெருக்கிக் கூட்டுகிற பழைய சூத்திரம்தான். கல்லூரியில் மதிப்பெண்ணுக்காகப் படித்ததை அவள் வரப்பில் நடந்து போட்டுப் பார்த்தாள்.

அன்றைக்கு மத்தியானம் போன் வந்தது. பின்னால் ஒரு ஆண் குரல் கோபமாகக் கேட்டது.

"அக்கா, மைனஸ்ல வருதுக்கா. மாமா பயந்துட்டாரு."

"மைனஸா?"

போனை மாமனாரே வாங்கிக்கொண்டார். "இன்னாம்மா இது, எங்க நெலம் மைனஸ்ல போயிக்கினு இருக்குது? ஓடை அடிச்சுக்கினு போன பாகத்தையும் சேத்துப் போட்டுட்டாளா?"

எனக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு விளக்கினேன். நிலம் குறையவில்லை, அவள் சுற்றிய திசை அப்படி. இடப்பக்கமாகச் சுற்றினால் கூட்டல் குறியோடு வரும், வலப்பக்கமாகச் சுற்றினால் கழித்தல் குறியோடு வரும். அளவு ஒன்றுதான்.

"அப்போ கோயில்ல சாமி சுத்தற மாதிரி சுத்துனா மைனஸா?"

"ஆமாங்க."

"அப்போ உங்க சூத்திரம்தாம்மா தப்பு," என்று முடிவாகச் சொல்லிவிட்டுப் போனைக் கொடுத்தார்.

இதைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பெரிய வாக்குவாதமே நடந்தது. அந்தக் கழித்தல் குறியை எடுக்கக் கூடாது என்பது என் கட்சி. எந்தப் பக்கம் சுற்றினோம் என்ற தகவல் அதில் இருக்கிறதே, அதை ஏன் தூக்கிப்போட வேண்டும்? சிஸ்டரும் என் பக்கம்தான். கோலியனூர்க்காரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிதான்க்கா. ஆனா வரப்புல நடக்கறவங்களுக்கு மைனஸ் வேணாம்," என்றாள். குறியை நீக்கிவிட்டு நிரலைப் பொது இடத்தில் போட்டாள். தலைப்பு வரியில் தன் பெயரையும் ஊரையும் எழுதினாள். அதைப் போடுவதற்கு முன்னால் என்னிடம் இரண்டு தடவை கேட்டாள், போடலாமா, யாராவது ஏதாவது சொல்வார்களா என்று. போடு என்றேன்.

எங்கள் குழுவில் போட்டதிலேயே அதிகம் பேர் எடுத்தது அந்த நிரலைத்தான். என் சதுர அலையை என் மாணவிகளைத் தவிர வேறு யாரும் சீண்டவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமை.

அப்புறம் ஒரு நாள் அவளிடமிருந்து செய்தி வந்தது. ஒரு நிரல், கூடவே ஒரே ஒரு வரி. "அக்கா இது என்னுதுதானே?"

அவளுடையதேதான். கொல்லை என்று அவள் வைத்த பெயர்கூட உள்ளே மாறவில்லை. ஆனால் தலைப்பு வரியில் அவள் பெயர் இல்லை. எங்கள் கூட்டத்துக்கு வந்துபோகும் அந்தச் செஞ்சிப் பக்கத்து சாரின் பெயர் இருந்தது. பெயருக்குக் கீழே பட்டங்கள், பட்டங்களுக்குக் கீழே கைபேசி எண். தன் கல்லூரியில் ஒரு பயிலரங்கில் தான் எழுதியதாகக் காட்டியிருக்கிறார். அங்கிருந்து அது மாணவர்கள் மூலமாக ஊர் ஊராகப் போய், சுற்றிச் சுற்றி அவளுடைய நாத்தனார் கைபேசிக்கே வந்துவிட்டது.

போன் செய்தேன். அவள் அழவில்லை. "ரேஷன் கார்டு, வோட்டர் கார்டு, இதுலதான்க்கா எம் பேரு இருக்குது. இதுதான் மொத மொத நானா போட்டது," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்குத்தான் ஆத்திரம் பொங்கியது. அந்த ஆளைக் குழுவைவிட்டு நீக்கியே தீர வேண்டும் என்று சிஸ்டரிடம் ரயிலில் கத்தினேன். பூக்கட்டும் அம்மா கையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சிஸ்டர் நிரலை மேலும் கீழும் படித்துவிட்டு, "கொஞ்சம் பொறுங்க," என்றார். அவர் முகத்தில் பிரார்த்தனைக்குப் பொருந்தாத ஒரு சிரிப்பு. "இவர் ஒரே ஒரு வரிதான் தானா சேத்திருக்கார். சதுர மீட்டரை சென்ட்டா மாத்தறதுக்கு. வகுக்க வேண்டிய எடத்துல பெருக்கியிருக்கார்."

பார்த்தேன். உண்மைதான். ஒரு ஏக்கர் கொல்லைக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு கிராமமே அடங்கும் அளவுக்கு விடை வந்தது.

"போன் நம்பர் வேற போட்டிருக்கார்," என்றார் சிஸ்டர்.

நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. செய்யத் தேவையே வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து மாடியில் உட்கார்ந்திருந்தார் சார். கைபேசியை மேசையில் கவிழ்த்துப் போட்டிருந்தார். அது கவிழ்ந்தபடியே அதிர்ந்துகொண்டிருந்தது.

"மேடம், என் பேரை அதுலேர்ந்து எடுத்துடுங்க," என்றார். "காலைல ஆறு மணிலேர்ந்து போன் பண்றாங்க. திருவெண்ணெய்நல்லூர்லேர்ந்து ஒருத்தர், 'உங்க கணக்குப்படி எங்க ஊரே எனக்குத்தான் சொந்தம், பட்டாவுக்கு எங்க எழுதிக் குடுக்கணும்'னு கேக்கறாரு. கிண்டலா நெஜமான்னே புரியல."

எனக்கு நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது. சிஸ்டர் என் கையை லேசாக அழுத்தினார். கோலியனூர்க்காரிதான் பேசினாள்.

"ஏன் சார் எம் பேர எடுத்தீங்க?"

அவர் உண்மையிலேயே திகைத்தார். "எடுக்கணும்னு எடுக்கலம்மா. நெட்ல இருந்து எடுக்கறதுக்கெல்லாம் யாரு பேரு போடுறோம்? நம்ம காலேஜ் பேரு வரணும்னு மேல என் பேரைப் போட்டேன். கீழ யாரு எழுதினாங்கன்னு நெனைச்சே பாக்கல." கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு, "தப்புதான். மன்னிச்சிடும்மா," என்றார்.

அவள் யோசித்தாள். "உங்க பேர எடுக்க வேணாம் சார். சென்ட்டுல போடணும்னு எனக்குத் தோணவே இல்ல, நீங்கதான் யோசிச்சீங்க. வகுத்தல் குறி போட்டுச் சரிபண்ணிடுங்க. எழுதுனது நான், திருத்துனது நீங்கன்னு ரெண்டு பேரும் இருக்கட்டும்."

"நம்பர்?"

"நம்பரும் இருக்கட்டும் சார்," என்றாள். "போன் வந்தா நீங்களே பதில் சொல்லிடுங்க. எனக்கு அடுப்பு வேலை இருக்குது."

மாடியே சிரித்தது. சாரும் கடைசியில் சிரித்தார். அன்றைக்குத்தான் குழுவுக்கு முதல் விதி வந்தது: தலைப்பில் எழுதியவர் பெயர், அடுத்து திருத்தியவர்கள் பெயர், யாரும் யாரையும் அழிக்கக் கூடாது. அந்த சார்தான் இப்போது எங்களுக்குச் சோதனை அதிகாரி. எந்த நிரல் வந்தாலும் நாலு விதமாக ஓட்டிப் பார்க்காமல் விட மாட்டார். சூடு கண்டவர் அவர்.

குழு இப்போதும் நடக்கிறது. ஒரு மாதம் விழுப்புரம், மறுமாதம் திண்டிவனம். சுவரில் இருந்த அறிவிப்பை நிலையத்துக்காரர் மாற்றவே இல்லை. பயனாளிகள் அவ்வப்போது படியேறி வருகிறார்கள், தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறார்கள். கோலியனூர்க்காரிக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் பெற்றோர் சங்கம் வழியாகக் கணித ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது, தற்காலிகம்தான். மாமியார் பேரனைப் பார்த்துக்கொள்கிறார்.

போன மே மாதம் சிஸ்டருக்கு மாற்றல் வந்தது. அவர்கள் சபையில் அது வழக்கம்தான், எங்களுக்குத்தான் வழக்கமில்லை. எங்கோ வடகிழக்கில் ஒரு மலை ஊர், பெயரை உச்சரிக்கவே எனக்குப் பழகவில்லை. திண்டிவனம் கூட்டத்தில் வழியனுப்பினோம். யாரோ பேசச் சொன்னார்கள். நான் எழுந்து நின்று, "சிஸ்டர்..." என்று ஆரம்பித்து, அதற்கு மேல் வராமல் உட்கார்ந்துவிட்டேன். செஞ்சிப் பக்கத்து சார் நல்லவேளையாகப் பஜ்ஜித் தட்டை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். விடுமுறை முடிந்தும் சில வாரங்கள் காலை பாசஞ்சரில் எனக்கு மடிக்கணினியைத் திறக்கவே தோன்றவில்லை. எதிர் இருக்கையில் யாராவது ஒருவர் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பார்.

மழைக்காலம் தொடங்கியபோது சிஸ்டரிடமிருந்து செய்தி வந்தது. போன இடத்தில் நாலைந்து ஆசிரியர்களைச் சேர்த்து ஒரு குழு தொடங்கிவிட்டாராம். ஒரு படமும் அனுப்பியிருந்தார். பச்சைப் பசேலென்று மலைச்சரிவு, அதிலேயே சாய்வாக வயல்கள்.

"இங்க நிலமெல்லாம் சாய்வா இருக்கு," என்று எழுதியிருந்தார். "நம்ம நிரல் இதைத் தட்டையா நினைச்சு கம்மியாக் காட்டுது. உயரத்தையும் சேர்க்கணும். யாராவது உக்காந்து யோசிங்க."

மடிக்கணினியைத் திறந்தேன். நான் முதல் வரியை எழுதுவதற்குள், மலையே இல்லாத கோலியனூரிலிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது. "அக்கா, உயரத்துக்கு மூணாவதா ஒரு எண்ணு சேத்தா போதுமா, இல்ல முக்கோணம் முக்கோணமா வெட்டிக் கூட்டணுமா?" அதற்குக் கீழேயே சாரிடமிருந்து ஒன்று. "முக்கோணம்தான். ஆனா நான் ஓட்டிப் பாக்காம யாரும் அனுப்பாதீங்க."